ஐரிஸ் செடியை அடையாளம் கண்டுபிடிச்சு வளர்க்கிறது எப்படி: நியூ ஜெர்சி பக்கம் தோட்டம் போடுறவங்களுக்கு முழு வழிகாட்டி

மே மாசம் பாதி தாண்டிட்டா நியூ ஜெர்சியில எந்தத் தெருவுல நடந்தாலும் ரெண்டு மூணு வீட்டு முன்னாடியாவது ஐரிஸ் பூத்து நிக்கும், ஊதா, மஞ்சள், வெள்ளை, பழுப்பு கலந்த சிவப்புன்னு வீட்டுக்கு ஒரு நிறம். நம்ம ஆளுங்க இங்க வீடு வாங்கினதும் தக்காளி, கத்திரி, தொட்டியில கறிவேப்பிலைன்னு ஆரம்பிச்சு கொஞ்ச நாள் கழிச்சுத்தான் பூச்செடி பக்கம் வருவாங்க, அப்ப பார்த்து பக்கத்து வீட்டுக்காரங்க யாராவது ஒரு பை நிறைய ஐரிஸ் கிழங்கு தோண்டிக் குடுத்துடுவாங்க. அதை நட்டு ரெண்டு வருஷம் ஆச்சு, இலை மட்டும்தான் வருது, பூவே காணோம்னு கேக்குறவங்க நிறைய. இல்லன்னா கிழங்கு அழுகிப் போச்சும்பாங்க.

காரணம் பெரும்பாலும் ஒண்ணுதான். ஐரிஸ்னு ஒரே பேர்ல கூப்பிட்டாலும் இதுல கிட்டத்தட்ட 300 இனம் இருக்கு, ஒண்ணு கிழங்கு வெயில்ல காயணும்னு கேக்கும், இன்னொண்ணு கால் நனைஞ்சுக்கிட்டே இருக்கணும்னு கேக்கும், ஒண்ணுக்கு சுண்ணாம்பு பரவாயில்ல, இன்னொண்ணுக்கு ஆகவே ஆகாது. அதனால மண்வெட்டியைக் கையில எடுக்கிறதுக்கு முன்னாடி, உங்ககிட்ட இருக்கிறது எந்த ஐரிஸ்னு தெரிஞ்சுக்கோங்க. அதைக் கண்டுபிடிச்சுட்டா பாதி வேலை முடிஞ்ச மாதிரி, மீதியெல்லாம் அதுலயே வந்துடும்.

பூ இருந்தா: எங்க பார்க்கணும்

ஒரு ஐரிஸ் பூவைக் கிட்ட போய் பாருங்க. நிமிந்து நிக்கிற மூணு இதழ், கீழ மடிஞ்சு தொங்குற மூணு இதழ், மொத்தம் ஆறு. நடுவுல இன்னும் மூணு சின்ன இதழ் மாதிரி வளைஞ்சு இருக்கும், அது இதழே கிடையாது, சூலகத்தண்டோட கிளைங்க. ஒவ்வொரு கிளைக்கும் அடியில ஒரு மகரந்தத்தாள் ஒளிஞ்சிருக்கும். தேனீ கீழ் இதழ்ல இறங்கி உள்ள நுழையும்போது முதுகுல மகரந்தம் ஒட்டிக்கும், அடுத்த பூவுல நுழையும்போது வாசல்லயே இருக்கிற ஒரு சின்ன உதடு மாதிரி பகுதி அதை வழிச்சு எடுத்துக்கும். இந்த அமைப்பைப் பார்த்துட்டா அது ஐரிஸ்தான்.

அடுத்து கீழ் இதழோட மேல்பகுதி, அதாவது உள்ள போற வழியைப் பாருங்க. எந்தக் கூட்டம்னு அந்த ஒரு இடமே சொல்லிடும்.

அங்க மெத்துமெத்துன்னு முடி வரிசையா புழு மாதிரி படுத்திருந்தா அது பியர்டட் ஐரிஸ், தாடி வெச்ச ஐரிஸ். இந்தப் பக்கம் வீடுகள்ல இருக்கிறதுல பெரும்பாலானது இதுதான். முடி இல்லாம கோழிக்கொண்டை மாதிரி ஒரு மேடு மட்டும் இருந்தா அது க்ரெஸ்டட் ஐரிஸ். முடியும் இல்ல மேடும் இல்ல, மஞ்சளாவோ வெள்ளையாவோ ஒரு திட்டு, அதுல நரம்பு நரம்பா கோடுன்னா அது தாடி இல்லாத கூட்டம், சைபீரியன், ஜப்பானீஸ், லூசியானா, ஆத்தோரம் தானா வளர்ற நீல ஐரிஸ் எல்லாம் இதுக்குள்ள வரும். பூக்கடை பொக்கேயில வர்ற ஒல்லியான நீலப் பூ, கீழ் இதழ்ல மஞ்சள் பொட்டு வெச்சது, அது டச் ஐரிஸ், பல்ப்ல இருந்து வர்றது.

தாடி ஐரிஸ்லயே உயரத்தை வெச்சு ஆறு பிரிவு பண்ணி வெச்சிருக்காங்க, 1920ல ஆரம்பிச்ச அமெரிக்கன் ஐரிஸ் சொசைட்டி வெச்சிருக்கிற கணக்கு இது. 8 இஞ்சுக்குள்ள இருந்தா மினியேச்சர் ட்வார்ஃப், 8ல இருந்து 16 இஞ்சு வரைக்கும் ஸ்டாண்டர்ட் ட்வார்ஃப், 16ல இருந்து 27 அரை இஞ்சு வரைக்கும் மூணு பிரிவு, அதுல முன்னாடி பூக்கிறது இன்டர்மீடியட், உயர வகைகளோட சேர்ந்து பூக்கிறது பார்டர் வகை, தண்டு ஒல்லியா பூ சின்னதா இருந்தா மினியேச்சர் டால். 27 அரை இஞ்சுக்கு மேல போனா டால் பியர்டட், எல்லாரும் போட்டோ எடுக்கிறது இதைத்தான்.

பூக்கிற நேரமும் ஒரு துப்பு

பூ எப்ப வருதுன்னு பார்த்தாலே பாதி தெரிஞ்சுடும், நம்ம பக்கத்துக் கணக்கு சொல்றேன், பாஸ்டன் பக்கம் இருக்கிறவங்க ஒண்ணு ரெண்டு வாரம் தள்ளிக்கோங்க. மார்ச்ல பனி உருகும்போதே 5 இஞ்சு உயரத்துல ஒண்ணு பூத்தா அது ரெட்டிகுலாட்டா, பல்ப் வகை. ஏப்ரல் கடைசியில குட்டி தாடி ஐரிஸ், மே நடுவுல இருந்து ஜூன் முதல் வாரம் வரைக்கும் உயரமான தாடி ஐரிஸ், அது முடியுற சமயத்துல சைபீரியன், ஜூன் நடுவுல இருந்து ஜூலை வரைக்கும் ஜப்பானீஸ். இந்த வரிசையில வகைக்கு ஒண்ணா வெச்சா மார்ச்ல இருந்து ஜூலை வரைக்கும் விட்டு விட்டு ஐரிஸ் பார்க்கலாம், ஒரே வகையை மட்டும் வெச்சவங்களுக்கு ரெண்டு மூணு வாரத்துல எல்லாம் முடிஞ்சுடும்.

பூ இல்லன்னா: இலையும் கிழங்கும்

பக்கத்து வீட்டுக்காரங்க குடுத்த பையில பூ இருக்காது, அதனால இதுதான் உங்களுக்கு உண்மையிலயே தேவைப்படும்.

கிழங்கு தடியா, இஞ்சி மாதிரி கணுக்கணுவா, மேல இருந்து அகலமான சாம்பல் பச்சை இலைங்க ஒரே தளத்துல விசிறி மாதிரி விரிஞ்சிருந்தா தாடி ஐரிஸ். உயரமான வகைன்னா இலை ஒரு இஞ்சுக்குக் குறையாம அகலமா இருக்கும், மேல லேசா சாம்பல் பூத்திருக்கும்.

கிழங்கு மெலிசா, ஒண்ணோட ஒண்ணு பின்னி, இலை புல்லு மாதிரி குறுகி அடர்த்தியா கொத்தா வந்தா சைபீரியன். குளிர்காலத்துல காய்ஞ்ச விதைக்காய் தண்டு மேல நின்னுக்கிட்டு இருக்கும், அதையும் பாருங்க.

இலை நடுவுல ஒரு நரம்பு தூக்கலா, விரலை வெச்சுத் தடவினா தட்டுப்படுற மாதிரி இருந்தா ஜப்பானீஸா இருக்க வாய்ப்பு அதிகம். சைபீரியன்ல அப்படித் தட்டுப்படாது. மஞ்சள் பூ பூக்கிற யெல்லோ ஃப்ளாக்ங்கிற ஐரிஸ்லயும் இந்த நடு நரம்பு உண்டு, ஆனா அது நாலு அடிக்கு மேல கூட வளரும், இலையும் தடியா இருக்கும்.

வெங்காயம் மாதிரி பல்ப், மேல வலை மாதிரி நார் சுத்தியிருந்தா ரெட்டிகுலாட்டா. அதோட இலையைக் குறுக்கால வெட்டிப் பார்த்தா நாலு மூலை தெரியும்.

ஐரிஸ் இல்லாம ஐரிஸ் மாதிரியே இருக்கிற செடிங்களும் உண்டு. டே லில்லி இலை வளைஞ்சு தொங்கும், விசிறி மாதிரி தட்டையா நிக்காது, பூவுல ஆறு இதழும் ஒரே மாதிரி விரியும். க்ளாடியோலஸ் இலையில நீளவாக்குல மேடு மேடா நரம்பு இருக்கும். அப்புறம் நம்ம வசம்பு. ஈரமான இடத்துல வசம்பு இலையும் யெல்லோ ஃப்ளாக் இலையும் பக்கத்துல பக்கத்துல இருந்தா பிரிச்சுச் சொல்றது கஷ்டம், ஆனா வசம்பு இலையைக் கசக்கினா வாசனை வந்துடும், அதோட நடு நரம்பு சரியா நடுவுல இல்லாம ஒரு பக்கமா ஒதுங்கி இருக்கும், ஐரிஸ் இலையைக் கசக்கினா பச்சை வாசனைதான். குழந்தைக்கு வசம்பு சுட்டுப் போட்ட வீட்டுல வளர்ந்தவங்களுக்கு இது மூக்குலயே தெரிஞ்சுடும்.

சாஃப்ட்வேர்காரங்களுக்குத் தெரிஞ்ச மூணு ஐரிஸ்

மெஷின் லேர்னிங் படிச்ச யாரைக் கேட்டாலும் ஐரிஸ் டேட்டாசெட் தெரியும், சிட்டோசா, வெர்சிகலர், வர்ஜினிகா, இனத்துக்கு 50 பூவா மொத்தம் 150 பூ, நாலு அளவு. அந்த அளவெல்லாம் எடுத்தவர் எட்கர் ஆண்டர்சன்ங்கிற தாவரவியலாளர், அதை வெச்சு ரொனால்ட் ஃபிஷர் 1936ல கட்டுரை எழுதினாரு. சிட்டோசாவும் வெர்சிகலரும் கனடாவுல கியூபெக் பக்கம் காஸ்பே தீபகற்பத்துல ஒரே மேய்ச்சல் நிலத்துல ஒரே நாள்ல பறிச்ச பூ. இந்த டேட்டாவை வெச்சு ப்ரோகிராம் எழுதின எத்தனை பேர் அந்தப் பூவை நேர்ல பார்த்திருப்பாங்கன்னு தெரியல, ஆனா பார்க்கணும்னு ஆசைப்பட்டா ரொம்ப தூரம் போக வேண்டாம், வெர்சிகலர் நியூ ஜெர்சியிலயே சதுப்பு நிலத்துல தானா வளருது.

அந்த டேட்டா தோட்டத்துலயும் உதவும். சிட்டோசாவோட இதழ் நீளம் 1ல இருந்து 1.9 சென்டிமீட்டர், மத்த ரெண்டும் 3 சென்டிமீட்டர்ல இருந்துதான் ஆரம்பிக்கும், அதனாலதான் அந்த டேட்டாவோட வரைபடத்துல சிட்டோசா தனியா ஒதுங்கி நிக்குது. இங்க இதழ்னு சொல்றது நிமிந்து நிக்க வேண்டிய மேல் இதழை. சிட்டோசா பூவைப் பார்த்தீங்கன்னா மேல் இதழே இல்லாத மாதிரி இருக்கும், மூணு கீழ் இதழ் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும், மேல் இதழ் முள்ளு மாதிரி சுருங்கிப் போயிருக்கும். வெர்சிகலரும் வர்ஜினிகாவும் டேட்டாவுல கலந்து கிடக்குற மாதிரியே நேர்லயும் குழப்பும், கீழ் இதழ்ல பளிச்சுன்னு மஞ்சள் திட்டும் அது மேல லேசா பூனைமுடியும் இருந்தா வர்ஜினிகா, பச்சை கலந்த மங்கின மஞ்சளா இருந்தா வெர்சிகலர்.

இதுல இன்னொரு அழகும் இருக்கு, சிட்டோசாவுக்கு 38 குரோமோசோம், வர்ஜினிகாவுக்கு 70, வெர்சிகலருக்கு 108. மத்த ரெண்டும் எப்பவோ கலந்து பிறந்ததுதான் வெர்சிகலர்னு ஆண்டர்சன் சொன்னதுக்கு இந்தக் கூட்டல் பெரிய ஆதாரம்.

தாடி ஐரிஸ் நடுறது, படிப்படியா

சரி, கையில இருக்கிறது தாடி ஐரிஸ்னு முடிவாயிடுச்சு. இனிமே சொல்றதை நிதானமா படிங்க.

நேரம்: ஜூலை கடைசியில இருந்து செப்டம்பர் நடு வரைக்கும். முதல் கடும் உறைபனிக்கு ஆறு வாரமாவது முன்னாடி நட்டுடணும், அப்பத்தான் வேர் பிடிக்கும். நம்ம பக்கம் அக்டோபர்ல பனி வந்துடும்னு வெச்சுக்கிட்டு கணக்குப் பண்ணுங்க. வசந்தத்துல எல்லாரும் செடி வாங்குறாங்கன்னு அப்ப ஐரிஸ் தேடாதீங்க, தொட்டியில பூவோட விக்கிறதை வாங்கலாம் தப்பில்ல, ஆனா கிழங்கா வாங்கி நடுறதுக்கு வெயில்காலம்தான்.

இடம்: குறைஞ்சது ஆறு மணி நேரம் நேரடி வெயில், எட்டு மணி நேரம் கிடைச்சா ரொம்ப நல்லது. மேப்பிள் மரத்து அடி வேண்டாம், வீட்டு வடக்குப் பக்கம் வேண்டாம். காலியான இடம் அங்கதான் இருக்குன்னு வெச்சா இலைதான் மிஞ்சும்.

மண்: தண்ணி நிக்கக் கூடாது, முக்கியமானது இதுதான். நியூ ஜெர்சி நடுப்பகுதியில நிறைய இடத்துல களிமண், மழை பெஞ்சா ரெண்டு நாள் சதசதன்னு இருக்கும். அப்படிப்பட்ட இடம்னா பள்ளம் தோண்டி மணல் ரொப்புறதை விட தரைக்கு மேல 6, 8 இஞ்சுக்கு மேடு கட்டிடுங்க, மண்ணோட கம்போஸ்ட்டும் கொஞ்சம் பொடிக்கல்லும் கலந்து. பிஎச் 6.5ல இருந்து 7 வரைக்கும் இருந்தா போதும், நம்ம பக்கத்து மண் பொதுவா புளிப்புத்தன்மை இருக்கிறது, ரட்கர்ஸ் பல்கலைக்கழக மண் பரிசோதனைக் கூடத்துக்கு ஒரு பை மண் அனுப்பினா ரிப்போர்ட் வந்துடும், சுண்ணாம்பு வேணுமா வேண்டாமான்னு அதைப் பார்த்துட்டுப் போடுங்க, கண்ணை மூடிக்கிட்டு கொட்டாதீங்க.

நடுறது: ஒரு அடி அகலத்துக்கு லேசா பள்ளம் எடுங்க, ஆழம் 4, 5 இஞ்சு போதும். அந்தப் பள்ளத்து நடுவுல மண்ணைக் குவிச்சு ஒரு வரப்பு மாதிரி கட்டுங்க. கிழங்கை அந்த வரப்பு மேல உக்கார வெச்சு, வேரை ரெண்டு பக்கமும் பிரிச்சு கீழ இறக்கி விடுங்க. இப்ப பள்ளத்தை மூடி வேர் மேல மண்ணை அழுத்துங்க, காத்துப் பை இல்லாம. முடிச்சதும் பார்த்தா கிழங்கோட முதுகு மண்ணுக்கு மேல வெயில்ல தெரியணும். ஆமா, தெரியணும். இஞ்சி, மஞ்சள் நட்டுப் பழகின கைக்கு மூடாம விட மனசே வராது, கிழங்குன்னா மண்ணுக்குள்ள போகணும்னுதான் நமக்குத் தோணும், ஆனா இந்தக் கிழங்கை ஆழமா மூடினா முதல்ல பூ நிக்கும், அப்புறம் அழுகும். மணல்பாங்கான இடம்னா கால் இஞ்சு, அரை இஞ்சு மண் மேல இருந்தா பரவாயில்ல, களிமண்ல அதுவும் கூடாது.

இலையை 6 இஞ்சுக்கு விசிறி வடிவத்துல வெட்டி விடுங்க, இல்லன்னா வேர் பிடிக்காத கிழங்கைக் காத்து ஆட்டி ஆட்டிச் சாய்ச்சுடும். ஒரு கிழங்குக்கும் இன்னொண்ணுக்கும் 12ல இருந்து 18 இஞ்சு இடைவெளி. முதல் வருஷமே கொத்தா தெரியணும்னா ஒரே ரகத்துல மூணு கிழங்கு எடுத்து முக்கோணமா, விசிறிங்க வெளிய பார்த்து இருக்கிற மாதிரி வைங்க. கிழங்கு எந்தப் பக்கம் விசிறி இருக்கோ அந்தப் பக்கம்தான் நகர்ந்து வளரும், உள்ள பார்த்து வெச்சா ரெண்டே வருஷத்துல ஒண்ணு மேல ஒண்ணு ஏறிடும்.

நட்ட அன்னிக்கு நல்லா ஆழமா தண்ணி விடுங்க. அப்புறம் மழை இல்லன்னா வாரம், பத்து நாளைக்கு ஒரு தடவை, புது இலை வர்ற வரைக்கும். அதுக்கு மேல மழைத்தண்ணியே போதும். புல்லுக்குப் போடுற ஸ்ப்ரிங்க்ளர் தினமும் இது மேல அடிக்கிற மாதிரி இருந்தா ஸ்ப்ரிங்க்ளரைத் திருப்பி வைங்க.

மல்ச், அதாவது மண்ணை மூடப் பரப்புற மரத்துண்டு, மரப்பட்டை, அதைப் போடாதீங்க. தெருவுல எல்லாரும் கருப்பு மல்ச் கொட்டுறாங்க, லேண்ட்ஸ்கேப் ஆளுங்களும் கேக்காமலே கிழங்கு மேல 3 இஞ்சு கொட்டிட்டுப் போயிடுவாங்க, அவங்ககிட்ட முன்னாடியே சொல்லி வைங்க. முதல் குளிர்காலம் மட்டும், தரை உறைஞ்சதுக்கு அப்புறம், பைன் கிளை ரெண்டு மேல போட்டு வெச்சா உறைஞ்சு உருகி உறைஞ்சு கிழங்கு மேல தூக்கிக்கிட்டு வர்றதைத் தடுக்கலாம், மார்ச்ல எடுத்துடணும்.

உரம் கொஞ்சமா போதும். நைட்ரஜன் குறைஞ்சது, பையில 5-10-10னு போட்டிருக்கிற மாதிரி (முதல் எண்தான் நைட்ரஜன்), வசந்த ஆரம்பத்துல ஒரு கைப்பிடி, பூ முடிஞ்சு ஒரு மாசம் கழிச்சு ஒரு கைப்பிடி, கிழங்கு மேல படாம சுத்தி வர. புல்லுக்குப் போடுற நைட்ரஜன் உரம் இது பக்கம் வந்தா இலை தளதளன்னு வரும், கிழங்கு மெத்துன்னு ஆகி அழுகலைக் கூப்பிடும்.

பூத்த கிழங்கு திரும்பப் பூக்காது

இதைத் தெரிஞ்சுக்கிட்டா ஐரிஸ் பத்தி நிறைய கேள்வி தீந்துடும். ஒரு கிழங்கு வாழ்நாள்ல ஒரு தடவைதான் பூக்கும். பூத்ததும் அதோட ரெண்டு பக்கமும் குட்டிக் கிழங்கு வரும், அடுத்த வருஷம் பூக்கிறது அந்தக் குட்டிங்கதான். பூ முடிஞ்ச உடனே தண்டை அடியோட வெட்டிடலாம், ஆனா பச்சை இலையை வெட்டக் கூடாது, ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் அந்த இலைதான் குட்டிங்களுக்குச் சாப்பாடு போடுது. அழகுக்காக ஜூலையில மொட்டையடிச்சு விடுற பழக்கம் நிறைய இடத்துல பார்க்கிறேன், அடுத்த மே மாசப் பூவை அப்பவே வெட்டிப் போட்டுடுறாங்க.

மூணு நாலு வருஷத்துல நடுவுல பழைய கிழங்கா குவிஞ்சு, ஓரத்துல மட்டும் பூ வரும். அப்ப பிரிக்கணும், பூ முடிஞ்சு ஆறு வாரம் கழிச்சு, ஜூலை ஆகஸ்ட்ல. தோட்டக் கவைக்கோலால மொத்தக் கொத்தையும் தூக்கி, மண்ணை உதறி, ஓரத்துல இருக்கிற குட்டிங்களை விசிறியோட உடைச்சு எடுங்க. ஒவ்வொண்ணுலயும் கெட்டியான கிழங்கு, வேர், ஒரு விசிறி இருக்கணும். நடுவுல இருக்கிற இலையில்லாத பழசைத் தூக்கிப் போடுங்க. வெட்டுன இடம் ஒரு நாள் நிழல்ல காயட்டும். தாடி ஐரிஸ் கிழங்கு வெளிய ஒண்ணு ரெண்டு வாரம் கிடந்தாலும் சாகாது, பொட்டலம் கட்டி டல்லஸ்ல இருக்கிற தங்கச்சிக்குக் கூட அனுப்பலாம். கையுறை போட்டுக்கோங்க, சாறு சில பேருக்கு அரிக்கும். நாய், பூனை, சின்னப் பிள்ளைங்க கிழங்கைக் கடிக்காம பார்த்துக்கோங்க, வாந்தி வயித்துப்போக்கு வரும்.

ஒரு நல்ல விஷயம், மான் பெரும்பாலும் ஐரிஸைத் தொடாது. ட்யூலிப், ஹோஸ்டா எல்லாத்தையும் மானுக்குக் குடுத்து அலுத்துப் போன வீடுகள்ல ஐரிஸ் நிம்மதியா நிக்கும்.

போரர், அழுகல்

இந்தப் பக்கத்துல ஐரிஸ் வளர்க்கிறவங்களுக்கு உண்மையான எதிரி ஐரிஸ் போரர். ஒரு அந்துப்பூச்சியோட புழு. வருஷத்துக்கு ஒரு தலைமுறைதான், அதோட காலண்டர் தெரிஞ்சா ஜெயிச்சுடலாம்.

இலையுதிர்காலத்துல அந்து வந்து காய்ஞ்ச ஐரிஸ் இலையில முட்டை வைக்கும். முட்டை குளிர்காலம் முழுக்க அந்தச் சருகுலயே இருக்கும். ஏப்ரல் மே வாக்குல பொரிச்சு வர்ற பொடிப்புழு புது இலையில ஏறி ஓட்டை போட்டு உள்ள போயிடும், அப்புறம் இலைக்குள்ளயே சுரங்கம் தோண்டிக்கிட்டே கீழ இறங்கி ஜூலைக்குள்ள கிழங்குக்கு வந்துடும். அதுக்குள்ள ஒன்றரை இஞ்சுக்கு மேல ரோஸ் நிறத்துல கொழுத்திருக்கும், கிழங்கைக் குடைஞ்சு வெறும் கூடாக்கிடும். ஆகஸ்ட் வாக்குல மண்ணுக்குள்ள கூட்டுப்புழு, அப்புறம் திரும்ப அந்து.

அதனால முதல் வேலை, கடும் பனி ரெண்டு தடவை விழுந்ததும் இலையை எல்லாம் வெட்டி, சுத்தியிருக்கிற சருகையும் பொறுக்கி, குப்பைப் பையில போட்டு வெளிய அனுப்புறது. கம்போஸ்ட்ல போடக் கூடாது, முட்டை அதுலதான் இருக்கு. இந்த ஒரு வேலையை வருஷாவருஷம் ஒழுங்கா பண்ணாலே பூச்சி பெருமளவு குறைஞ்சுடும்.

ரெண்டாவது, மே மாசம் தினம் ஒரு நடை போய் இலையைப் பாருங்க. ஓரத்துல ஈரமா கசிஞ்ச கோடு, ஊசி ஓட்டை, ரம்பம் மாதிரி கடிச்ச தடம் தெரிஞ்சா அந்த இலையை அடியில இருந்து மேல் வரைக்கும் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல வெச்சு அழுத்தி உருவுங்க, உள்ள இருக்கிற புழு நசுங்கிடும். ஜூன்ல கிழங்குக்குப் போயிட்டா நன்மை செய்யிற நூற்புழு, நெமட்டோடுன்னு பாக்கெட்ல விக்கும், அதைத் தண்ணியில கலந்து ஈரமான மண்ணுல சாயங்காலம் ஊத்தலாம். ஜூலையில பிரிக்கும்போது ஒவ்வொரு கிழங்கையும் அழுத்திப் பாருங்க, உள்ள புழு இருந்தா எடுத்துக் கொன்னுட்டு கிழங்கைச் சுத்தம் பண்ணுங்க.

புழு போட்ட ஓட்டை வழியாத்தான் பெரும்பாலும் அழுகல் பாக்டீரியா உள்ள வரும். விசிறி சாஞ்சு, இழுத்தா கையோட வந்து, கெட்ட நாத்தம் அடிச்சா அதுதான். நாத்தத்தைப் பார்த்து மொத்தக் கொத்தையும் தூக்கிப் போட வேண்டாம். மண்ணை ஒதுக்கி, அழுகின பகுதியை ஸ்பூனால கெட்டி வெள்ளைச் சதை வர்ற வரைக்கும் சுரண்டி எடுங்க, ஒரு பங்கு ப்ளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணி கலந்து அந்த இடத்துல ஊத்துங்க, அப்புறம் மூடாம வெயில்ல காய விடுங்க. பெரும்பாலும் தப்பிச்சுக்கும். கத்தியையும் அதே தண்ணியில முக்கிட்டுத்தான் அடுத்த கொத்துக்குப் போகணும்.

இலையில பழுப்புப் புள்ளி, சுத்தி மஞ்சள் வளையம் வந்தா பூஞ்சை, பார்க்க அசிங்கமா இருக்குமே தவிர செடி சாகாது, அந்த இலையை வெட்டி எடுத்தா போதும்.

சைபீரியன், ஜப்பானீஸ்: எல்லாமே தலைகீழ்

மேல சொன்னதை அப்படியே இதுங்களுக்குப் பண்ணினா செத்துடும். சைபீரியனை ஒண்ணு ரெண்டு இஞ்சு மண்ணுக்குள்ள வைக்கணும், வேர் காயவே கூடாது, பிரிச்சு எடுத்த உடனே வாளித் தண்ணியில போட்டு வெச்சு நடணும். மல்ச் தாராளமா போடலாம். களிமண்ணும் ஒத்துக்கும், போரர் தொல்லையும் குறைவு, பத்து வருஷம் பிரிக்காம விட்டாலும் கோவிச்சுக்காது. வேலைக்குப் போயிட்டு வந்து தோட்டம் பார்க்க நேரமில்லாதவங்களுக்கு நான் முதல்ல சொல்றது சைபீரியன்தான். 'சீசர்ஸ் பிரதர்'னு கரு ஊதா ரகம் ஒண்ணு, 1930கள்ல இருந்து இருக்கு, இன்னிக்கும் எளிதா கிடைக்குது, அதை நம்பி வாங்கலாம்.

ஜப்பானீஸ் ஐரிஸ் பூ தட்டு மாதிரி விரியும், 6 இஞ்சுக்கு மேல கூட. எடோ காலத்துல இருந்து ஜப்பான்ல ஆசை ஆசையா வளர்த்து ரகம் ரகமா எடுத்தது, டோக்கியோவுல மெய்ஜி கோயில் தோட்டத்துல ஜூன்ல வயல் முழுக்கப் பூத்திருக்கும். இதுக்குப் புளிப்பு மண் வேணும், அசேலியாவுக்குப் போடுற உரமே சரி. சுண்ணாம்பும் எலும்புத்தூளும் கிட்டயே வரக் கூடாது. பூக்கிற வரைக்கும் தண்ணி தாராளமா வேணும், கூரைத்தண்ணி இறங்குற பள்ளம் இருந்தா அங்க வைங்க. ரெண்டு மூணு இஞ்சு ஆழத்துல நடணும், பழைய வேருக்கு மேல புது வேர் விட்டுக்கிட்டே மேல ஏறி வரும், அதனால மூணு வருஷத்துக்கு ஒரு தடவை பிரிச்சு இடம் மாத்தணும்.

ரெட்டிகுலாட்டா பல்ப்பை அக்டோபர்ல 3, 4 இஞ்சு ஆழத்துல புதைச்சுட்டு மறந்துடலாம்.

மஞ்சள் யெல்லோ ஃப்ளாக் மட்டும் வேண்டாம், கெஞ்சிக் கேட்டுக்கிறேன். ஐரோப்பாவுல இருந்து வந்தது, கிழங்காலயும் மிதக்கிற விதையாலயும் ஓடை முழுக்கப் பரவி நம்ம ஊர் ஆகாயத்தாமரை பண்ற அதே அட்டூழியத்தை இங்க பண்ணுது, மாசசூசெட்ஸ், கனெக்டிகட் உட்பட பல மாநிலத்துல விக்கவே தடை. ஈரமான இடத்துக்கு ஐரிஸ் வேணும்னா இந்த மண்ணுக்கே சொந்தமான வெர்சிகலரை வைங்க. 1999ல இருந்து கியூபெக் மாகாணத்தோட பூவே அதுதான்.

பூக்கலைன்னா

கிழங்கு ஆழமா இருக்கா பாருங்க, மேல இருக்கிற மண்ணைக் கையால ஒதுக்கினாலே சில சமயம் சரியாயிடும். அடுத்து நிழல், பக்கத்து மரம் அஞ்சு வருஷத்துல எவ்வளவு வளர்ந்திருக்குன்னு நிமிந்து பாருங்க. அடுத்து நெருக்கம், அப்புறம் நைட்ரஜன். நட்டு ஒரு வருஷம்தான் ஆச்சுன்னா கவலைப்படாதீங்க, கிழங்கு சின்னதா இருந்தா ரெண்டாவது வசந்தம் வரைக்கும் எடுத்துக்கும்.

ஊர்ல இருக்கிறவங்க கேட்டா

தாடி ஐரிஸுக்குக் குளிர்காலம் வேணும், சென்னை, மதுரை வெயில்ல ஆன்லைன்ல வாங்கின கிழங்கு நிலைக்காது. இந்தியாவுல ஐரிஸ்னா காஷ்மீர், அங்க கல்லறைகள் மேல ஐரிஸ் நடுறது பழைய வழக்கம், வசந்தத்துல கல்லறைத் தோட்டமே ஊதாவும் வெள்ளையுமா இருக்கும். சமவெளியில இருக்கிறவங்களுக்கு ஐரிஸ் டொமெஸ்டிகா இருக்கு, ஆரஞ்சு இதழ்ல சிவப்புப் புள்ளி, காய் வெடிச்சா கருப்பு மணி கொத்தா நிக்கும். முன்னாடி பெலம்கண்டான்னு தனிப் பேரினமா வெச்சிருந்தாங்க, டிஎன்ஏ பார்த்து 2005ல ஐரிஸ்லயே சேர்த்துட்டாங்க. வாக்கிங் ஐரிஸ்னு நர்சரியில விக்கிறது நிஜ ஐரிஸ் இல்ல, அதே குடும்பம், ஆனா தொட்டிக்கு நல்ல செடி, பூத்த தண்டு நுனியில குட்டி முளைச்சு வளைஞ்சு தரையைத் தொட்டு வேர் விட்டுக்கும்.

பேர் கண்டுபிடிக்கிறது

இனம் கண்டுபிடிச்சாச்சு, ரகத்தோட பேர் என்ன? இதுல உண்மையைச் சொல்லிடணும், லேபிள் இல்லாத தாடி ஐரிஸுக்குப் பேர் உறுதியா சொல்றது ரொம்பக் கஷ்டம், பதிவான ரகமே பல்லாயிரக்கணக்குல இருக்கு, ஒரே மாதிரி ஊதா மட்டும் நூத்துக்கணக்குல. போன்ல இருக்கிற செடி அடையாளம் சொல்ற ஆப் தாடி ஐரிஸ்ங்கிற வரைக்கும் சரியா சொல்லும், ரகத்தை அதுகிட்ட கேக்காதீங்க.

ஆனா சுருக்கிக்கிட்டே வரலாம். மேல் இதழ் கீழ் இதழ் ரெண்டும் ஒரே நிறமா இருந்தா செல்ஃப், மேல வெள்ளை கீழ நிறம்னா அமீனா, மேல மஞ்சள் கீழ பழுப்புச் சிவப்புன்னா வேரியகேட்டா, வெளிர் இதழ்ல ஓரம் மட்டும் நூல் தைச்ச மாதிரி புள்ளி கோடுன்னா ப்ளிகாட்டா. தாடியோட நிறத்தைத் தனியா குறிச்சுக்கோங்க, வெள்ளை, மஞ்சள், ஆரஞ்சு, நீலம்னு மாறும், அதுதான் நல்ல துப்பு. இதழ் குறுகலா, ஓரம் நேரா, கீழ் இதழ் ஆரம்பத்துல கோடு கோடா இருந்தா பழைய காலத்து ரகமா இருக்கலாம், ஓரம் அலை அலையா அகலமா இருந்தா புதுசு. மோந்து பாருங்க, திராட்சை வாசனையும் வெளிர் நீலமும் சேர்ந்து வந்தா ஐரிஸ் பல்லிடாவா இருக்கலாம், இத்தாலியில வாசனைத் திரவியத்துக்குக் கிழங்கைப் பிடுங்கிப் பல வருஷம் காய வைக்கிறாங்களே, அந்த இனம். அசல் ரத்தச் சிவப்பு ஐரிஸ்ல இன்னும் வரல, யாராவது போட்டோ காட்டி வித்தா வாங்காதீங்க.

இதையெல்லாம் குறிச்சுக்கிட்டு, பூவையும் போட்டோ எடுத்துக்கிட்டு, மே கடைசியில மான்ட்க்ளேர்ல மவுண்டன்சைட் பார்க்ல இருக்கிற ப்ரெஸ்பி ஐரிஸ் தோட்டத்துக்குப் போங்க. 1927ல ஆரம்பிச்சது, சரிவு முழுக்க ஆயிரக்கணக்குல ஐரிஸ், பாத்தி பாத்தியா பேரோட. உங்க பூவுக்குப் பக்கத்துல நிக்கிற மாதிரி ஏதாவது இருக்கான்னு பார்க்கலாம், புதுசா என்ன வாங்கலாம்னும் அங்கயே முடிவு பண்ணலாம். கரு ஊதான்னா 'டஸ்கி சேலஞ்சர்', வெள்ளைன்னா 'இம்மார்ட்டாலிட்டி', இது சில வருஷம் செப்டம்பர் அக்டோபர்ல திரும்பவும் பூக்கும், ரோஸ்னா 'பெவர்லி சில்ஸ்'. மூணுமே எளிதா கிடைக்கிற, தாங்குற ரகம்.

வாங்கி நடும்போது பேரை அலுமினிய லேபிள்ல பென்சிலால அழுத்தி எழுதி குத்தி வைங்க, மார்க்கர் ஒரே வெயில்ல அழிஞ்சுடும். அதோட ஒரு தாள்ல பாத்தியோட படம் வரைஞ்சு எந்த இடத்துல எதுன்னு எழுதி வைங்க, ஏன்னா லேபிளை அணில் பிடுங்கும், பனி தள்ளுற ஷவல் பிடுங்கும். பிரிச்சு யாருக்காவது குடுக்கும்போது இலையிலயே பெர்மனென்ட் மார்க்கரால பேரை எழுதிக் குடுங்க, நடுற வரைக்கும் அழியாது.